மருந்து உறையில் வரைந்த சூரியன்

சென்ற மாதம் தர்ஷினி தொலைபேசியில் பேசினாள். நான் இருபத்தொன்பது வருடம் வேலை செய்த தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இப்போது மருந்து கொடுப்பவள் அவள். மருந்து உறைகளில் நான் வரைந்துகொடுத்த படங்களைச் சனங்கள் இன்னும் கேட்கிறார்களாம். மலைக்கு மேல் எழும் சூரியன் என்றால் காலை, முழு வட்டம் என்றால் பகல், பிறை என்றால் இரவு. அவற்றை ரப்பர் முத்திரையாகச் செய்ய ஆள் பார்த்துவிட்டாளாம். "ஒங்க கை போட்ட மாதிரியே இருக்கணும் மிஸ்ஸி. பழைய கவரு ஒண்ணு இருந்தா மாதிரிக்கு அனுப்புங்க," என்றாள். கூடவே, புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிப்பதற்கு என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதச் சொன்னாள்.

என்னிடம் பழைய உறை ஒன்றுதான் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது.

நான் உயர்தரப் பரீட்சை முடித்து, ஒன்றரை வருடம் பயிற்சி பெற்று, இருபத்தாறு வயதில் அந்த டிஸ்பென்சரிக்கு வந்தேன். கொட்டகலைக்கு மேலே, பாக்டரியைத் தாண்டி, வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தை ஒட்டிய இரண்டு அறைக் கட்டடம். பயிற்சியில் படித்தது எல்லாம் முதல் வாரத்திலேயே மறந்துபோயிற்று. மிச்ச வாழ்க்கைக்கு நான் படித்தது பாக்கியநாதன் டொக்டரையாவிடம். அவர் டொக்டர் இல்லை, தோட்ட மருத்துவ உதவியாளர். ஆனால் துரை முதல் கொழுந்து எடுப்பவர்கள் வரை எல்லோருக்கும் அவர் டொக்டரையாதான்.

அவர் முறை இப்படி. நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நாக்கைக் காட்டு" என்பார். காய்ச்சலோ, கால் சுளுக்கோ, முதலில் நாக்கு. மேசையில் ஒரு பித்தளை டோர்ச், கொதிநீர்க் கிண்ணத்தில் இரண்டு கரண்டிகள். கரண்டியின் காம்பால் நாக்கை அமுக்கி, வலம், இடம், அடி, அண்ணம் என்று ஒழுங்காகப் பார்ப்பார். அந்த நேரத்தில் யாராவது ஏதாவது சொல்ல முயன்றால், "வாயத் தொறந்து வச்சிக்கிட்டு என்ன பேச்சு? நான் பாத்துக்கிட்டிருக்கேன்ல," என்பார். பார்த்து முடித்ததும் டோர்ச்சை அணைப்பார். அதற்குள் அவருக்கு நோய் என்னவென்று தெரிந்திருக்கும். அதன் பிறகு நோயாளி சொல்வதைக் கேட்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

வாய்ப்புண் என்றால் மூன்று காரணங்கள்: சூடு, சத்துக் குறைவு, வெற்றிலை. மருந்து இரண்டு: ஊதா மருந்து பூசுவது, பி விட்டமின் கொடுப்பது. நான் வந்த காலத்தில் தோட்டத்தில் பாதிப் பேர் ஊதா உதட்டோடு மலையில் நிற்பார்கள். மூச்சிழுப்புக்கு மருந்து உறிஞ்சிய பழைய கங்காணி ஒருவருக்கு நாக்கெல்லாம் வெள்ளை படிந்து வந்தது, அவருக்கும் ஊதா. வலிப்பு மாத்திரை குடித்த ஒரு பிள்ளைக்கு ஈறு வளர்ந்து முன்பல்லை மூடியது, அதற்கும் ஊதா. நாங்கள் கொடுக்கும் மருந்தே வாயைக் கெடுக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

அழகம்மா கதையையும் சொல்ல வேண்டும். மார்ச்சளிக்கு இரண்டு கிழமை, பதினாலு நாள், மாத்திரை கொடுத்தோம். சளி போயிற்று. நாக்கு கறுத்துப் பூனை மயிர்போல ஆகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து, அவள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பிராக்காரியோடு சண்டை போட்டு, "ஒன் மாடு இருந்து என்னத்துக்கு" என்று சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் மாடு செத்தது. கருநாக்கு என்று லயமே ஒதுக்கிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிகள் அவளைக் கண்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவள் எங்களிடம் வந்து அழுதாள்.

"இத எப்பிடியாவது செவப்பாக்கிக் குடுங்க டொக்டரையா. குழாயடியில எனக்குத் தண்ணி புடிக்க எடம் விட மாட்டேங்கிறாளுக."

டொக்டரையா டோர்ச்சை அணைத்துவிட்டு, "வெத்தலைய நிப்பாட்டு, நாக்கு தானா செவக்கும். வாய அடக்கு, மாடு தானா பொழைக்கும்," என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் வெற்றிலையே போடாதவள். சில கிழமைகளில் நாக்கு சரியானது. பட்டப்பெயர் போகவில்லை. பல வருடங்கள் கழித்து ஒரு மருந்துப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தில், சிலருக்கு நாக்கு தற்காலிகமாகக் கறுக்கலாம் என்று வாசித்தேன். அதற்குள் டொக்டரையா ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அழகம்மாவைத் தேடிப் போய் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், பின்னால் வந்த தவறை ஒப்புக்கொள்ள அது ஒரு பழக்கமாகவாவது இருந்திருக்கும்.

படம் போடுவதும் டொக்டரையாவின் ஏற்பாடுதான். டவுன் ஆஸ்பத்திரியில் உறைகளில் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பார்கள். தோட்டத்தில் அதை வாசிக்கிறவர்கள் குறைவு. அதனால் கிளினிக் போய் வருகிறவர்கள் மறுநாள் எங்களிடம் வந்து உறையை நீட்டி, "படம் போட்டுக் குடுங்க" என்பார்கள். நான் சிங்களத்தை வாசித்து, தமிழில் ஒரு சொல் எழுதி, பக்கத்தில் சூரியனோ பிறையோ போட்டு, கீழே எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி வைப்பேன். இருபது வருடத்துக்கு மேல் அதில் ஒரு தவறும் நடக்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை இருந்தது.

புஷ்பராணிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. நல்ல கொழுந்துக்காரி. கைமூட்டுகள் வீங்கி, காலையில் விரல் மடங்காமல் போயிற்று. வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்றாலும், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்ட அவளுக்கு இன்னொருத்தி வேண்டும். நான்தான் டவுன் கிளினிக்குக்கு அனுப்பினேன். அங்கே மெதொட்ரெக்சேட் என்ற சின்ன மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள். கிழமைக்கு ஒரு நாள் மட்டும், மூன்று மாத்திரை. எட்டுக் கிழமைக்கு இருபத்துநாலு. ஒவ்வொரு நாளும் குடித்தால் அது மருந்தில்லை, நஞ்சு.

உறையோடு அவள் வந்த செவ்வாய்க்கிழமை, டிஸ்பென்சரியில் பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள். முப்பது கைக்குழந்தைகளின் அழுகைக்கு நடுவே அவள் உறையை நீட்டினாள். சிங்களத்தில், கிழமைக்கு ஒரு தடவை என்றுதான் இருந்தது. எந்த நாள் என்று இல்லை. ஞாயிறைத் தேர்ந்தவள் நான். எனக்கு அது மாதா கோயில் பூசைக்குப் போகும் நாள், மறக்க முடியாத நாள். உறையில் மிச்சமிருந்த இடம் சின்னது. எங்கள் கோயில் அறிவித்தல் பலகையில் எழுதுவதுபோல, 'ஞாயிறு' என்று மட்டும் எழுதினேன். காலையில் குடிக்க வேண்டும் என்பதற்காக, கை பழகியபடி, பக்கத்தில் மலைக்கு மேல் ஒரு சூரியன். கீழே மூன்று புள்ளி.

கிழமைக்கு ஒரு நாள்தான் என்று வாயால் சொன்னேனா? சொன்னேன் என்று பிறகு நடந்த விசாரணையில் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கு அது நிச்சயமாகத் தெரியவில்லை. அவள் கேட்டது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது.

"சாப்பாட்டுக்கு முன்னுக்கா, பின்னுக்கா மிஸ்ஸி?"

"பின்னுக்கு," என்றேன். அடுத்த குழந்தையை வாங்கினேன்.

ஆறாம் நாள் அவள் வாய் எரிகிறது என்று வந்தாள். நாக்கைக் காட்டச் சொன்னேன். டொக்டரையாவின் அதே டோர்ச். நாக்கு ஓரங்களில் மேல்தோல் உரிந்து, உள்ளுதட்டில் மூன்று வெள்ளைப் புண்கள். அவள் ஏதோ சொல்ல வந்தாள். கரண்டி வாயில் இருந்தது. ஊதா மருந்து பூசி, பி விட்டமின் கொடுத்து, உறைப்பைக் குறைக்கச் சொன்னேன். அன்றைக்கு அவள் வீட்டில் ஆறு மஞ்சள் மாத்திரைகள் மிச்சம் இருந்தன.

ஒன்பதாம் நாள் கணவன் முருகையா கூட்டிக்கொண்டு வந்தார். வாய் முழுவதும் புண், உதடு வெடித்து இரத்தம். தண்ணீர் விழுங்கக் கண்ணீர் வந்தது. மறுபடி பார்த்தேன். மறுபடி பூசினேன். புறப்படும்போது முருகையா சொன்னார்: "அந்த மஞ்ச மாத்திரையும் முடிஞ்சிருச்சுங்க மிஸ்ஸி."

எட்டுக் கிழமைக்கான மாத்திரை. இதை நான் காதால் கேட்டேன். "கிளினிக் நாள்ல போய் வாங்கிக்குங்க," என்று பதில் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து என்னை லயத்துக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. கைகளில் சிவப்புப் புள்ளிகள். வாயைத் திறக்க முடியவில்லை. திறந்த அளவுக்கு உள்ளே கறுத்த இரத்தம். அப்போதுதான், என் வேலைக்காலத்தில் முதல் தடவையாக, வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு, என்னென்ன மருந்து குடித்தாய் என்று கேட்டேன். முருகையா சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து வெறும் உறையை எடுத்துத் தந்தார். சூரியனைப் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் குடித்திருக்கிறாள். உறையை மடித்து என் பைக்குள் வைத்தேன்.

தோட்டத்து லொறியில் டவுனுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம் பெண் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, சிங்களத்தில், மெதுவாகத்தான் பேசினார். இந்த மருந்து கூடினால் முதலில் வாயில்தான் காட்டும். வாயில் புண் வரும்போதே உள்ளே இரத்தம் ஊறுவதும் நின்றுகொண்டிருக்கும். முதல் புண்ணிலேயே நிறுத்திக் கொண்டுவந்திருந்தால் அதற்கு மாற்று மருந்து உண்டு. யாராவது அவளுடைய வாயைப் பார்த்தார்களா என்று கேட்டார். இரண்டு தடவை பார்த்த நான், இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும் என்றேன்.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் புஷ்பராணி இறந்துபோனாள்.

விசாரிக்க ஒரு அதிகாரி தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்தார். விளக்கமாகச் சொன்னீர்களா என்றார். சொன்னேன் என்றேன். உறை எங்கே என்றார். தெரியாது என்றேன். அது என் மடியில் இருந்த பைக்குள் இருந்தது. நோயாளி மருந்தைத் தவறான முறையில் உட்கொண்டுள்ளார் என்று எழுதி, அதை முருகையாவுக்குத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னது நான்தான். முருகையா கேட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

வெளியே வந்து அவர் என்னிடம் பேசியது குற்றம் சாட்ட அல்ல. "அவளுக்குக் கை முடியாதுங்களே மிஸ்ஸி. நான்தான் காலைல காலைல எடுத்துக் கையில வச்சேன். ஒரு நாளும் தவற விடல. எங்க தப்புப் பண்ணினேன்னுதான் வெளங்கல."

"மனச விட்டுறாதீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுத்த வருடம் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு டயகமப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அதன் பிறகு ஐந்து வருடம் வேலை செய்தேன். படம் போடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே.

என் மகள் ஜெனிட்டா கொட்டகலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. போன வருடம் அவளுக்கு இரண்டு தடவை வலிப்பு வந்தது. புது மாத்திரை எழுதிய டொக்டர், வாயில் கொப்புளமோ உடம்பில் தடிப்போ வந்தால் ஒரு நாளும் பிந்தாமல் வரச் சொன்னார். அன்றிலிருந்து, அவள் பஸ்ஸுக்குப் புறப்படுமுன் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி நாக்கைக் காட்டச் சொல்கிறேன். முதல் மாதம் பொறுத்துக்கொண்டாள்.

"அம்மா, என் வகுப்புல நாப்பது நாக்கு இருக்கு. அதையும் வந்து பாருங்க. ஒண்ணாவது சும்மா கெடக்காது," என்பாள். நான் சிரிப்பதில்லை. சோறு உறைத்து அவள் 'ஸ்' என்றால் எழுந்துபோய் வாயைத் திறக்கச் சொல்வேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால், முதலில் வாயில் புண் ஏதுமா என்று கேட்கிறேன். இருபத்தாறு வயதுப் பிள்ளையை இப்படிச் செய்வது அவளுக்குப் பெரிய தொல்லை என்று தெரியும். ஆனால் ஏன் என்று அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியை மேசையில் வைத்திருந்தேன். அவள் வாசித்துவிட்டாள். அன்றைக்குக் காலை நான் கேட்காமலே ஜன்னலோரம் வந்து நின்று நாக்கைக் காட்டினாள். பிறகு கேட்டாள்.

"அந்த ஐயாவுக்கு இது தெரியுமா?"

"எது?"

"சூரியன் போட்டது பெழைன்னு. அவர் பெழை இல்லைன்னு."

நான் மேசையிலிருந்த தாள்களை அடுக்கினேன். "தர்ஷினிக்கு எழுதுறது இருக்கட்டும்மா. மொதல்ல அங்க போங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

போன ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. தலவாக்கலையில் பஸ் மாறி டயகமவுக்குப் போனேன். விசாரித்து லயத்தைக் கண்டுபிடிக்க மத்தியானமாகிவிட்டது. முருகையா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கோடரியை வைத்துவிட்டு, "வாங்க மிஸ்ஸி" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு உட்கார எனக்கு முடியவில்லை. நின்றபடியே பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினேன். எட்டு வருடத்தில் மடிப்பு கிழிந்திருந்தது. சூரியன் அப்படியே இருந்தது.

சொன்னேன். கிழமைக்கு ஒரு நாள் என்று எழுதாமல் விட்டதை, காலைச் சூரியனைப் போட்டதை, இரண்டு தடவை வாயைப் பார்த்தும் கேட்காததை, மாத்திரை முடிந்தது என்று அவர் சொன்னதைக் கேட்டும் கேளாமல் விட்டதை, உறையை ஒளித்ததை. ஒன்றையும் விடவில்லை.

அவர் உறையை வாங்கிச் சூரியனைப் பார்த்தார்.

"அப்ப, நான் குடுத்தது சரிங்களா?"

"படத்துல இருந்தபடிதான் குடுத்தீங்க. படந்தான் பெழை."

அவர் உள்பக்கம் திரும்பி, "கலா, கொஞ்சம் வா. மிஸ்ஸி சொல்றத நீயும் கேளு," என்றார்.

மகள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து கதவுநிலையில் நின்றாள். அம்மா சாகும்போது அவளுக்குப் பதினாலு வயது, இப்போது இருபத்திரண்டு. நான் தொடங்குமுன்பே தகப்பன் கையிலிருந்த உறையை அவள் கண்டுவிட்டாள். வாங்கிப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"இத நான்தான் வாசிச்சேன்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அப்பா படத்தப் பாத்தாங்க. காலைலன்னு சொன்னாங்க. எழுத்துல என்ன இருக்குன்னு என்னைய வாசிக்கச் சொன்னது அம்மாதான். ஞாயிறுன்னு இருந்திச்சு. ஞாயிறுன்னா சூரியன்னு எங்க தமிழ் டீச்சர் அந்தக் கெழமதான் சொல்லிக் குடுத்திருந்தாங்க. புத்தகத்துல படத்துக்குப் பக்கத்துல பேர் போட்டிருக்குமே, அது மாதிரின்னு நெனச்சேன். படமும் சரி, எழுத்தும் சரின்னு அம்மாக்கிட்ட சொன்னேன். அம்மாவுக்குப் பெருமை. அடுத்த வீட்டுக்கெல்லாம் சொன்னாங்க."

முருகையா மகளை நிமிர்ந்து பார்த்தார். "நீ எனக்குச் சொல்லவே இல்லியே."

"பெழையாக் குடிச்சிட்டாங்கன்னு கையெழுத்து வாங்கினாங்களே, அன்னைக்குத்தான் எனக்கு அது ஞாயித்துக்கெழமன்னு வெளங்கிச்சு. எப்பிடிப்பா சொல்றது?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்த வருசமே பள்ளிக்கூடம் நின்னுட்டேன், மிஸ்ஸி. இங்க யாராவது லெட்டரு, மருந்து எது கொண்டாந்தாலும் எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னுதான் சொல்றது."

நான் மன்னிப்புக் கேட்டேன். 

"அம்மாவத் தான்தான் கொன்னுட்டோம்னு அப்பா இருந்தாரு. நான் நான்தான்னு இருந்தேன். ஒரே வீட்டுல எட்டு வருசம்," என்றாள். "கவரு ஒங்க பையில இருந்திருக்கு."

முருகையா தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். குடித்தோம். எழும்பும்போது, உறையைத் தரும்படி கையை நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை. எட்டு வருடப் பழக்கமாக இருக்கலாம்.

"இது எங்ககிட்ட இருக்கட்டும்," என்றாள் கலா.

தர்ஷினி, இனி வாய்ப்புண் என்று யாராவது வந்தால், டோர்ச்சை எடுக்குமுன் வீட்டிலிருக்கும் மாத்திரையெல்லாம் கொண்டுவரச் சொல். கிழமைக்கு ஒரு நாள் என்றால் அந்த மூன்று சொல்லையும் எழுது. எழுதியதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லும்வரை போக விடாதே. நீ மாதிரிக்குக் கேட்ட உறை இப்போது டயகமவில் இருக்கிறது. அதைப் பார்த்து முத்திரை செய்யத்தான் வேண்டுமென்றால், நீயே போய் அந்தப் பிள்ளையிடம் கேள்.